துப்பாக்கிக்கு வச்ச பொட்டு

ஆயுத பூசை வந்தாலே எனக்கு எரிச்சலா வரும். திருக்கோகர்ணத்துல என் ஆட்டோவைக் கழுவி வாசல்ல நிறுத்துனதும், சம்சாரம் சந்தனக் கிண்ணத்தோட வந்து நிப்பா. "ஒங்க கையால வைங்க"ம்பா. "நீயே வச்சுத் தொலை"ன்னுட்டு நான் அங்கிட்டுப் போயிருவேன். அதையும் அவ பெருமையாத்தான் எடுத்துக்குவா. எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வரும்.

ஆறு வருஷம் நான் கனடாவுக்கு வடகோடியில, காட்டுக்குள்ள ஒரு வேட்டை முகாம்ல சமையல்காரனா இருந்தேன். கறம்பக்குடியில பொறந்தவனுக்கு அங்க என்ன வேலைன்னு கேப்பீங்க. துபாய்ல சமைச்சுக்கிட்டு இருந்தவனை ஏஜென்ட் அங்க கொண்டுபோய்த் தள்ளினான். பணக்காரனுங்க வருவானுங்க, மூஸ்னு மாட்டைவிடப் பெரிய மானைச் சுடுவானுங்க, நான் ஆக்கிப் போடணும். ரெண்டாவது வருஷம் முகாமோட நாலு துப்பாக்கியையும் பார்த்துக்குற வேலையை முதலாளி என் தலையில கட்டினாரு. சுடத் தெரியாதவன்தான் ஒழுங்கா வச்சுக்குவான்னாரு.

அது லேசுப்பட்ட வேலை இல்ல. மார்கழியில தேங்காயெண்ணெ உறைஞ்சு நிக்குமே, மைனஸ் முப்பதுல துப்பாக்கி எண்ணெயும் அப்படித்தான் கூழாயிரும். விசையை இழுத்தா உள்ள இருக்குற ஊசி சோம்பலா நகரும், தோட்டா வெடிக்காது. அதனால குளிர் இறங்குறதுக்கு முன்னாடியே கழட்டி, எண்ணெயை ஒட்டத் துடைச்சு எடுத்துருவேன். அதைவிட முக்கியம், துப்பாக்கி குளிர்லயே கெடக்கணும். அடுப்பில்லாத தகரக் கொட்டகைதான் அதுக்கு வீடு. கதகதப்பான எடத்துக்குக் கொண்டாந்தா, பிரிட்ஜ்லேர்ந்து எடுத்த சொம்பு மாதிரி மேலயும் உள்ளயும் வேர்த்துரும். மறுபடி வெளிய போனா அந்தத் தண்ணி உறைஞ்சு ஊசியைக் கவ்விப் பிடிச்சுக்கும்.

விருந்தாளி எவனாவது துப்பாக்கியோட என் அடுப்படிக்குள்ள கால் வச்சா, "வெளிய வச்சுட்டு வாய்யா!"ன்னு தமிழ்லயே கத்துவேன். வேட்டைக்கு வழிகாட்டுற எங்க கைடு விழுந்து விழுந்து சிரிப்பான். அந்தக் காட்டுலயே பொறந்து வளர்ந்தவன், மூணு பிள்ளைக்குத் தகப்பன். பனியில நான் வழுக்கி விழுந்தா தூக்கி விடுறதும் அவன்தான்.

சம்சாரத்தையும் மகளையும் நான் அங்க கூப்பிட்டுக்கணும்னா, வேலை நிரந்தரம்னு முதலாளி ஒரு லெட்டர் குடுக்கணும். ஆறாவது வருஷம்தான் மனசு எறங்கி, "சீசன் முடியட்டும், எழுதித் தர்றேன்"னாரு. மகளுக்கு அப்ப எட்டு வயசு. அப்பன் மொகத்தைப் போன்ல பார்த்தே வளர்ந்தவ.

அந்த வருஷம் ஆயுத பூசை தள்ளி வந்துச்சு. அதுக்குள்ள அங்க பனி கொட்டி எல்லாம் இறுகிப் போச்சு. சம்சாரம் போன்ல, "நமக்குச் சோறு போடுறது அந்தத் துப்பாக்கிதானேங்க, ஒரு பொட்டு வச்சுக் கும்பிட்டா என்ன? லெட்டர் வர்ற நேரம்"னா. கோயில் குங்குமம் முன்னாடியே அனுப்பியிருந்தா.

கொட்டகையில சந்தனம் குழைக்கத் தண்ணி நிக்கல, உறைஞ்சிருச்சு. சாயங்காலம் நாலு துப்பாக்கியையும் அடுப்படிக்கே தூக்கிட்டு வந்துட்டேன். ஊருக்கெல்லாம் சட்டம் பேசுன நான்தான்! சோத்துப்பானை கொதிக்குது, ரூம் பூரா ஆவி. தோட்டா போடுற எடத்துக்கு மேல பொட்டு வச்சு, கற்பூரம் காட்டி, மகளை நினைச்சுக் கண்ணை மூடி நின்னேன். தொறந்து பார்த்தா இரும்பெல்லாம் முத்து முத்தா வேர்த்திருக்கு. கழட்டி உள்ளயும் காய வச்சிருக்கணும். விருந்தாளிங்க சாப்பாட்டுக்கு வந்துட்டானுங்க. மேலாக்கத் துண்டால துடைச்சு, பொட்டையும் அழிச்சு, கொட்டகையில மாட்டிட்டேன். சாமி பார்த்துக்கும்னு நினைச்சேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

மறுநாள் காலையில முதலாளியும் கைடும் முந்தின நாள் சுட்ட மூஸ் கறியை எடுத்துட்டு வரப் போனாங்க. கறி மேல ஒரு கரடி நின்னிருக்கு. முதலாளி விசையை இழுத்தா 'டிக்'குன்னு ஒரு சத்தம், அம்புட்டுதான். கரடி பாய்ஞ்சு அவரு தோளைக் கிழிச்சுப் போட்டுருச்சு. கைடு தன் சொந்தத் துப்பாக்கியால சுட்டதால மனுசன் பொழைச்சாரு.

முகாம் வாசல்ல, பனியில இழுக்குற ஸ்லெட்ஜ் வண்டியில அவரைப் படுக்கப் போட்டுக் கட்டுப் போட்டோம். ஹெலிகாப்டர் வரக் காத்திருக்கையில, முதலாளி வலியில கைடைப் பார்த்துக் கத்துனாரு. "கொட்டகையிலேர்ந்து எடுத்துக் குடுத்தவன் நீ. உன் கேபின்ல நெருப்புக்கிட்ட வச்சிருந்தியா? சமையல்காரன் அந்தத் தப்பைச் செய்யவே மாட்டான்." கைடு சத்தியமா இல்லைன்னான். "இன்னியோட நீ இங்க வேலைக்கு வர வேணாம்"னுட்டாரு.

கைடு என்னைப் பார்த்தான். நான் வெந்நீர்க் கெட்டிலைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். லெட்டர், மக, இந்த ரெண்டுதான் மண்டைக்குள்ள ஓடுது. வாயைத் தொறக்கல. ஆமாய்யா, தொறக்கல!

அவன் வெடிக்காத அந்தத் துப்பாக்கியை எடுத்து, ஊசி இருக்குற பின்பக்கத்துத் தண்டை ஓங்கித் தட்டி இழுத்தான். இடுக்குல இருந்த பனிக்கட்டி செவப்பா இருந்துச்சு. "ரத்தமா?"ன்னாரு முதலாளி. கைடு அதை விரல்ல தொட்டுத் தேச்சான், மோந்து பார்த்தான். அப்புறம் நிமிர்ந்து என் நெத்தியைப் பார்த்தான். காலையில குளிச்சுட்டு வச்ச அதே குங்குமம். முதலாளியும் பார்த்தாரு.

யாரும் திட்டல. திட்டியிருந்தா தேவல. அடுத்த வாரம் டிக்கெட்டைக் கையில குடுத்து அனுப்பிட்டாங்க. கைடுதான் என் பெட்டியை வண்டியில ஏத்திவிட்டான்.

வீட்டுல என்ன சொல்றது? "தப்பு என் மேலதான், ஒத்துக்கிட்டேன், அனுப்பிட்டாங்க"ன்னேன். அந்த ஒரு சொல்லை அன்னிக்குப் பிடிச்சவதான் சம்சாரம். வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம், "இவரு ஒரு பொய் சொல்லியிருந்தா நாங்க இன்னிக்குக் கனடாவுல இருப்போம். அடுத்தவன் பொழப்பு கெடக்கூடாதுன்னு உண்மையைச் சொல்லிட்டு வந்த மனுசன்"ம்பா. அந்தப் பெருமையில அவளுக்குக் கனடா கைவிட்டுப் போனதுகூடப் பெரிசாத் தெரியல.

இந்த வருஷ பூசைக்கு, ஆட்டோவுக்கு வச்சது போக மிச்சக் குங்குமத்தை மக என் நெத்தியில வைக்க வந்தா. கையைத் தட்டிவிட்டேன். புள்ள மொகம் சுருங்கிப் போச்சு. "விடுடி, அப்பாவுக்கு அந்த ஞாபகம். ஒனக்காகக்கூடப் பொய் சொல்லாதவருடி"ன்னா அவ அம்மா. மக என் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. அந்தத் துப்பாக்கி இடுக்கு மட்டும் சுத்தமா இருந்திருந்தா, நான் கடைசி வரைக்கும் ஊமையாத்தான் நின்னிருப்பேன். கையை உருவிக்கிட்டு ஸ்டாண்டுக்கு ஆட்டோவை எடுத்தேன்.