அம்மாவைக் குளிப்பாட்ட வந்த அக்கா

பக்கவாதம் வந்து அம்மா படுக்கையில் விழுந்தபின், எங்கள் சபையிலிருந்து ஓர் அக்கா சனிக்கிழமைதோறும் கெலுகோரில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து அவரைக் குளிப்பாட்டினார். ஒல்லியான உடம்பு, நரைத்த குட்டைப் பின்னல், முட்டிவரை சுருட்டிவிட்ட கால்சட்டை. அம்மாவைத் தொடும் முன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார்.

அவர் குரல் கேட்டாலே அம்மாவின் கோணிய வாய் சிரிக்கும். வாரம் முழுக்க ஊட்டிவிட்டு, துணி மாற்றி, முதுகு வலிக்கத் தூக்கி உட்கார வைப்பவள் நான். என்னைப் பார்த்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் அம்மா அந்த அக்காவின் கையை இழுத்து முத்தமிட்டார். என்னால் தாங்க முடியவில்லை. துண்டை அலசப் போன அக்காவின் பின்னாலேயே குளியலறைக்குப் போனேன்.

"வாரத்துல ஒரு நாள் வந்து நல்ல பேரு வாங்கிட்டுப் போறது சுலபம்லா, அக்கா."

அவர் துண்டைப் பிழிந்துகொண்டே சொன்னார். "உண்மைதான் தங்கச்சி. எனக்கே உன்மேல பொறாமைதான். ஈப்போவுல எங்கம்மா போயிட்டாங்கன்னு போன் வந்தப்ப, நான் இங்க ஆஸ்பத்திரியில யாருமில்லாத ஒரு சீன அங்கிளுக்கு சோறு ஊட்டிக்கிட்டிருந்தேன்."

"உடனே கிளம்பலையா?"

"பாதிதான் சாப்பிட்டிருந்தாரு. மீதியையும் ஊட்டிட்டுத்தான் பஸ் ஏறினேன்."

அம்மா இறந்து இரண்டு வருடமாகிறது. அந்தச் சிரிப்புக்காகப் பட்ட பொறாமை எப்போதோ அடங்கிவிட்டது. மீதிச் சோற்றையும் ஊட்டிவிட்டுக் கிளம்பிய அந்த மனசின்மேல் உள்ள பொறாமைதான் அடங்கவே இல்லை.