இறங்கும்போதே போட்ட கையெழுத்து

சுரங்கத்தில் அவருக்குக் கணீர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. நிலக்கரி வெட்டிய பாதைகளில் தலைக்கு மேலே நிற்கும் பாறைக் கூரையைக் கம்பியால் தட்டிப் பார்ப்பது அவர் வேலை. இடது உள்ளங்கையைக் கூரையில் வைத்துக்கொண்டு வலது கையால் தட்டுவார். பாறை கெட்டியாக இருந்தால் கணீரென்று சத்தம் வரும், உள்ளங்கை சும்மா இருக்கும். அடுக்கு விட்டுப் போயிருந்தால் 'பொத்' என்று கேட்கும், உள்ளங்கையில் ஒரு அதிர்வு ஓடும். நல்ல கூரையைத் தட்டியதும் "கணீர்னு இருக்கு, போங்கப்பா" என்பார். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் போகச் சொன்ன இடத்தில் யார் தலையிலும் கல் விழுந்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்தால் என்ன தப்பு?

ஆனால் அதே மனிதர் தினமும் ஒரு பொய்யின் அடியில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இதை மறைத்துவிட்டு அவர் கதையைச் சொன்னால் நானும் அந்தப் பொய்யை எழுதி வைத்த சூப்பர்வைசரும் ஒன்று.

கூரையைப் பார்த்துவிட்டு மேலே வந்து, பார்த்ததைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. அங்கே நடந்தது வேறு. வேலை முடிந்து கூண்டில் ஏறி மேலே வந்தால் கம்பெனி பஸ் பத்தே நிமிஷம்தான் நிற்கும். விட்டால் ஏழு கிலோமீட்டர் நடை. அதனால் காலையில் இறங்கும்போதே வரிசையில் நின்று கையெழுத்தைப் போட்டுவிட்டு இறங்குவார்கள். கூரை, காற்று, மிஷின் என்று ஆளுக்கொரு பக்கம். சூப்பர்வைசர் முன்கூட்டியே "கூரை நன்றாக உள்ளது" என்று எழுதி வைத்திருப்பார். யார் ஆரம்பித்த வழக்கமோ, எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது. கோளாறு இருந்தால்தான் வாயால் சொல்லிவிடுகிறோமே என்பது கணீரின் சமாதானம்.

வாயால் சொன்னதற்கு என்ன மதிப்பு என்பது ஐந்தாம் பாதையில் தெரிந்தது.

அந்தப் பாதையின் கூரை ஒரு திங்கட்கிழமை 'பொத்' என்றது. அன்றைக்கே சூப்பர்வைசரிடம் சொன்னார்.

"முட்டு மரம் வந்ததும் முட்டுக் கொடுத்துடலாம்" என்றார் அவர்.

வாரம் ஓடியது. மரம் வரவில்லை. மறுபடி சொன்னார். "மேலிடத்துக்குச் சொல்லியாச்சு." மூன்றாம் தடவை சொன்னபோது சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே, "அண்ணே, உங்களுக்கும் வயசாகுது. காதை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்களேன்" என்றார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். கணீருக்கு முகம் சுண்டிப் போயிற்று. அடுத்த நாள் காலையும் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்.

ஐந்தாம் பாதையில் துளை போடும் மிஷினைப் பிடித்தது வேறு யாருமில்லை, அவருடைய ஒரே மகளின் கணவன், வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளை. ஒரு பிற்பகல் அவன் தண்ணீர் குடிக்கப் பத்தடி தள்ளிப் போன நேரத்தில், பீரோ அளவு பாறை ஒன்று மிஷின் பக்கத்தில் இறங்கியது. கணீர் ஓடிப்போய்ப் பார்த்தபோது மாப்பிள்ளை கையில் பாட்டிலோடு அப்படியே நின்றான்.

சூப்பர்வைசர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்ல வேளை, மிஷினுக்கு ஒண்ணும் ஆகலை."

அந்த வார்த்தையில்தான் கணீருக்குப் பற்றிக்கொண்டது. மனுஷன் நிற்கிறான், இவன் மிஷினைப் பார்க்கிறான்.

தலைவிளக்குகளைத் திருப்பிக் கொடுக்கும் அறையின் கதவு எப்போதும் திறந்தே, சுவரோடு கொக்கியில் மாட்டியிருக்கும். அன்றைக்கு மாலை கொக்கி உடைந்து கதவு பாதி சாத்திக் கிடந்தது. அதன் பின்னால் சுவரில் ஒரு பலகை. ஆபத்தான நிலைமையில் வேலை வாங்கினால் தொழிலாளர்கள் சுரங்கப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு நேரடியாகப் புகார் தரலாம் என்று அழகான எழுத்தில் எழுதி, முகவரியும் போன் நம்பரும் போட்டிருந்தது. தொழிலாளி கண்ணில் படும்படி மாட்டு என்கிறது சட்டம். மாட்டிவிட்டார்கள், திறந்த கதவுக்குப் பின்னால். எத்தனை வருஷமாக அது அங்கே இருக்கிறதோ. கணீர் நம்பரைப் பேனாவால் கையில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் புதன்கிழமை, சுரங்கத்துக்கு வார விடுமுறை. வீட்டுச் சமையலறையில் நின்று போன் செய்தார். ஒரு பெண் அதிகாரி எடுத்தார். எந்தச் சுரங்கம், எந்தப் பாதை, எத்தனை நாளாக, அதற்கடியில் எத்தனை பேர், யாரிடம் எப்போது சொன்னீர்கள் என்று பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார்.

"உங்க பேரைச் சொல்லாமலே புகார் கொடுக்கலாம். சொன்னாலும் நிர்வாகத்துக்குத் தெரியப்படுத்த மாட்டோம்."

"பேர் வேண்டாம்மா" என்றார் கணீர்.

நான்காம் நாள் ஓர் அதிகாரி வந்தார். அவர் வருவது முந்தின நாளே மேனேஜருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. இரண்டாம் பாதைக்குச் சுண்ணாம்பு அடித்து, கல்யாண வீடு மாதிரி விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள். ஐந்தாம் பாதையில் தண்ணீர் நிற்கிறது, கால் வைக்க முடியாது என்றார்கள். வந்தவரும் இரண்டாம் பாதையைச் சுற்றிப் பார்த்து, பதிவேட்டைப் புரட்டி, டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். சுத்தமான கண்துடைப்பு. கணீர் கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றார்.

அடுத்த விடுமுறை நாளில் மறுபடி போன். அதே அம்மா.

"ஐயா, எங்க ஆள் வந்து பார்த்தார். பதிவேட்டில நாற்பத்தோரு நாளா கூரை நன்றாக உள்ளதுன்னு இருக்கு. தட்டிப் பார்க்கிறவரே தினமும் கையெழுத்துப் போட்டிருக்கார். அதை மீறி நாங்க என்ன செய்ய முடியும்?"

கணீர் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டார். "அந்த ஆள் நான்தாம்மா."

போனில் பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"பார்க்காமலா போட்டீங்க?"

"இறங்கும்போதே போட்டுடுவோம். எல்லாரும் அப்படித்தான்."

"இதை எழுதிக் கொடுங்க. உங்க கையெழுத்து பொய்னு நீங்கதான் சொல்ல முடியும். ஆனா அப்புறம் உங்க பேரை மறைக்க முடியாது. பழிவாங்கினா அதையும் எங்ககிட்ட புகாரா கொடுக்கலாம். வேலைக்கு எதுவும் ஆகாதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

போனை வைத்தபோது மனைவியும் மாப்பிள்ளையும் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, வேண்டாம். எனக்காக நீங்க வேலையை விட்டுடாதீங்க" என்றான் மாப்பிள்ளை.

மனைவி அவன் பக்கம் திரும்பவே இல்லை. "ஏங்க, நம்ம பொண்ணு தினமும் உங்ககிட்ட என்ன கேக்கறா? அப்பா, இன்னிக்கு எப்படி இருக்குன்னு கேக்கறா. நீங்க என்ன சொல்றீங்க? கணீர்னு இருக்கும்மான்னு சொல்றீங்க. அதையும் பார்க்காமலா சொல்றீங்க?"

கணீருக்குச் சுரீரென்றது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் பேனாவைத் தேடினார். நாற்பத்தோரு கையெழுத்தும் கூரையைப் பார்க்காமல் போட்டவை, எழுதி வைத்தது சூப்பர்வைசர், கூரை முதலில் 'பொத்' என்ற அந்தத் திங்கட்கிழமையிலிருந்து ஐந்தாம் பாதை ஆபத்து என்று இரண்டு பக்கம் எழுதினார். கீழே சம்பளச் சீட்டில் இருக்கும் முழுப் பெயரை எழுதினார். அன்றைக்கே பஸ் பிடித்துப் போய் அந்த அம்மாவின் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கினார்.

மறுநாள் காலை ஷிப்ட் இறங்கும் நேரத்தில், முன்னறிவிப்பு எதுவுமில்லாமல், ஹெல்மெட் போட்டுக்கொண்டு போனில் பேசிய அந்தப் பெண் அதிகாரியே வந்து நின்றார். "ஐந்தாம் பாதை" என்றார். மேனேஜர் தண்ணீர் நிற்கிறது என்று ஆரம்பித்தார். "பூட்ஸ் போட்டிருக்கேன்" என்றார் அந்த அம்மா. பாதையில் தூசிதான் பறந்தது.

"தட்டுங்க."

கணீர் தட்டினார். பொத். அந்த அம்மா தன் உள்ளங்கையைக் கூரையில் வைத்தார். "இன்னொரு தடவை." பொத். கையை எடுத்து, எல்லோரையும் வெளியேறச் சொல்லிவிட்டு, அங்கேயே நின்று பாதையை மூட உத்தரவு எழுதினார்.

மூன்றாம் நாள் ஆளில்லாத ஐந்தாம் பாதை அறுபதடி நீளத்துக்கு அப்படியே உட்கார்ந்தது. மேலே ஆபீஸில் மேஜை மேல் இருந்த தம்ளர்கள்கூட அதிர்ந்தனவாம். பன்னிரண்டு பேர் வேலை செய்த இடம்.

அதற்கடுத்த காலை வரிசையில் சூப்பர்வைசர் கணீரிடம் தட்டச்சு செய்த ஒரு தாளை நீட்டினார். "போடுங்கண்ணே, வழக்கம்போல. ஷிப்டுக்கு நேரமாகுது."

கணீர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். பின்னால் நாற்பது பேர் நிற்க, சத்தமாகப் படித்தார். கூரையைச் சோதிப்பதில் தான் அலட்சியம் காட்டியதாகவும், நிர்வாகம் தானே விழிப்போடு ஆபத்தைக் கண்டுபிடித்துப் பாதையை மூடியதாகவும், தன்னைத் தற்காலிக நீக்கம் செய்வதை ஏற்றுக்கொள்வதாகவும் இருந்தது. சங்கு ஊதியது. அவர் நிறுத்தவில்லை. கடைசி வரி வரை படித்துவிட்டு, "பார்க்காமல் கையெழுத்துப் போட்டது என் தப்பு. மற்றது முழுவதும் பொய்" என்று அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். நீக்கத்தைப் பற்றிய இரண்டாவது புகாரை மத்தியானமே தபாலில் சேர்த்தார்.

மாலை ஐந்தரைக்கு வர வேண்டிய மாப்பிள்ளை ஏழு மணிக்குத்தான் வந்தான். அதுவரை மகள் வாசலுக்கும் அறைக்கும் நடந்தாள்.

"இன்னிக்கு யாரும் இறங்கும்போது கையெழுத்துப் போடலை மாமா" என்றான் அவன், ஷூவைக்கூடக் கழற்றாமல். "மேலே வந்து, பார்த்ததை எழுதி, படிச்சுப் பார்த்துத்தான் போட்டோம். நாற்பது பேரும்."

"பஸ்?" என்றார் கணீர்.

"நின்னுச்சு. ஒன்றரை மணி நேரம். யாருமே ஏறலைன்னா டிரைவர் யாரை ஏத்திட்டுப் போவார்?"

கணீர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு சுவரில் ஓங்கி ஒரு அறை விட்டார்.

"இருபத்திரண்டு வருஷம்" என்றார். "பஸ் நிக்குமான்னு ஒரு நாள்கூட நாம நின்னு பார்க்கலையே."