சொந்தமோ, வாடகையோ?

வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைப் பண்ணிப்பார் என்பார்கள். எங்கள் மட்டக்களப்பில் அது இரண்டல்ல, ஒன்றுதான். வீடு வளவு எழுதிக் கொடுக்காமல் பெண் கரைசேர மாட்டாள். இது எனக்குத் தெரியாதா? இங்கேதானே பிறந்தேன். தெரிந்தும் வசந்தாதேவி அக்காவின் வாழ்க்கையில் மண்ணள்ளிப் போட்டேன்.

ஒரு நிறுவனத்துக்காக வீடு வீடாய்ப் போய் விவரம் எடுப்பது என் வேலை. யார் சொந்த வீட்டில் இருக்கிறார், யார் வாடகைக்கு இருக்கிறார், வருமானத்தில் நூற்றுக்கு எத்தனை வீதம் வீட்டுக்குப் போகிறது என்று கேட்டு, கையில் தந்திருக்கும் டெப் கணினியில் பதிய வேண்டும். முப்பது வீதத்தைத் தாண்டினால் திரையில் சிவப்பு விழும். அந்தக் குடும்பத்துக்கு ஆறு மாதம் வாடகை உதவி கிடைக்கும். தாண்டாவிட்டால் பச்சை, உதவி இல்லை.

வசந்தாதேவி அக்கா கல்லடியில் இரண்டு அறை வீடொன்றில் வாடகைக்கு இருந்தார். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குப் போடுவார். வயலை விற்று, புருஷனும் அவருமாய் வவுணதீவில் கட்டிய கல்வீடு மூத்தவள் ஆர்த்திகாவுக்குச் சீதனமாய்ப் போய்விட்டது. புருஷனும் போய்ச் சேர்ந்தார். மிச்சம் இளையவள் தக்ஷாயினி. அவளுக்கு முப்பது நெருங்குகிறது, கொடுக்க வீடில்லை.

நான் போன அன்று முன்னறையில் மாப்பிள்ளையின் மாமி கேதீஸ்வரி இருந்தார். பெண் பார்க்க வந்திருக்கிறார் என்பது பலகாரத் தட்டைப் பார்த்ததுமே விளங்கியது. ஆட்களை விலக்கித் தனியே கேட்க வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். ஆனால் அன்றைக்குப் பன்னிரண்டு வீடு முடிக்க வேண்டும், வெயில் வேறு மண்டையைப் பிளந்தது. நின்ற நிலையிலேயே கேட்டேன்.

"வீடு சொந்தமோ, வாடகையோ அக்கா?"

அவர் கேதீஸ்வரியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சொந்தந்தான் புள்ள."

தட்டினேன். வாடகைக் கேள்விகள் தாமாகவே மூடிக்கொண்டன. வீட்டுச் செலவு பூச்சியம் வீதம்.

அடுத்த நாள் ஒழுங்கை முடக்கில் என்னை மறித்தார்.

"பதினெட்டாயிரம் வாடகை குடுக்கன் புள்ள. உழைப்பு நாப்பதுக்கு மேல வராது. அவங்க இருக்கக்குள்ள எப்பிடிச் சொல்ற? அத மாத்தி விடு."

"அனுப்பியாச்சு அக்கா. இனி ஏலா."

அனுப்பியதைத் திறக்க முடியாது என்பது உண்மை. அலுவலகத்தில் போய்ச் சொல்லியிருந்தால் அவர்கள் திறந்திருப்பார்கள் என்பதும் உண்மை. தனியே கேட்காதது தெரிந்தால் வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் வீட்டின் காணி உறுதிப் பத்திரத்தைக் காட்டச் சொன்னார்கள். இல்லாத உறுதிக்கு எங்கே போவார்? பொய்க்காரி வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று போய்விட்டார்கள். உதவிப் பட்டியலிலும் பெயர் வரவில்லை. சொந்த வீட்டுக்காரிக்கு என்னத்துக்கு உதவி? கல்லடி வீட்டுக்காரர் வாடகையை இருபத்தையாயிரம் ஆக்கினார். வீடொன்று கட்டக் காசு தேடி தக்ஷாயினி குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனாள்.

ஒரு வருடம் கழித்து இரண்டாம் சுற்று. அதே குடும்பங்களை எங்கிருந்தாலும் தேடிப்பிடிக்கச் சொன்னார்கள். வசந்தாதேவி அக்கா வவுணதீவில், ஆர்த்திகாவின் வீட்டுச் சுவரோடு சாய்த்து இறக்கிய பத்தியில், இடியப்பத் தட்டுகளோடு இருந்தார். இந்த முறை மகளையும் மருமகனையும் வெளியே போகச் சொன்னேன். புத்தி வந்துவிட்டதாம் எனக்கு, ஒரு வருடம் பிந்தி.

மறுபடியும் சொந்தமோ, வாடகையோ என்றுதான் தொடங்க வேண்டும். கேட்டேன்.

"வாடகை எண்டு போடு," என்றார்.

"இஞ்ச ஆருக்கு அக்கா வாடகை?"

"மருமகனுக்கு. மாசம் எண்ணாயிரம்." குரலைத் தாழ்த்தினார். "நான் கல்லும் மண்ணும் சுமந்து கட்டின வீடு, புள்ள."

இங்கே இடியப்பத்தில் முப்பதாயிரம்தான் வருகிறதாம். இரண்டையும் பதிந்தேன். இருபத்தேழு வீதம் என்று டெப் சொன்னது. தாங்கக்கூடிய வாடகை. அவர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"பச்சை விழுந்திரிக்கி. நல்லதுதானே? இந்தமுற காசு கிடைக்கும்தானே?" அவர் முகம் மலர்ந்ததை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். "தக்ஷாயினிய வரச் சொல்லட்டோ புள்ள?"

"வேணாம் அக்கா," என்றேன்.