கதவடியில இருந்த பை

என்ர மருமகள் பிரேமிளாவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் எனக்கு வாய் மூடாது. வயலில லாண்ட்மாஸ்டர் உழவு மிசின் ஓட்டிற பொம்பிளை கனகராயன்குளத்தில அவள் ஒருத்திதான். இந்த இராசமலருக்கு மருமகள் பைத்தியம் எண்டு சனம் என்னைச் சொல்லுது. சொல்லட்டும்.

ஆனால் முதல் ஆறு மாதம் நான் அவளோட முகங்குடுத்துக் கதைக்கேல்லை. காரணம் ஒரு பை. கலியாணம் முடிஞ்சு வந்த அண்டே ஒரு கறுத்தப் பையை வாசல் கதவடியில வச்சாள். உள்ளுக்க உடுப்பு, அடையாள அட்டை, பிஸ்கட், தண்ணிப் போத்தல். அலுமாரிக்க வை பிள்ளை எண்டால் தலையாட்டுவாள், வைக்கமாட்டாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"எடியே, ஓடிப்போகவோ கட்டி வச்சிருக்கிறாய்? என்ர பிள்ளையில என்ன குறை கண்டனீ?" எண்டு நாக்கைப் புடுங்கிற மாதிரிக் கேட்டன். அவள் குனிஞ்சு பையை இன்னும் கதவோட ஒட்டி வச்சிட்டுப் போனாள்.

மகன் திலீபன்தான் என்னை வயலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னவன். முள்ளிவாய்க்காலில அவளுக்குப் பன்ரெண்டு வயசு. வெளிக்கிட்டு ஓடேக்க தாய், "பையை விட்டிட்டன், எடுத்துக்கொண்டு வாறன்" எண்டு பங்கருக்குத் திரும்பிப் போனவா. செல் விழுந்தது. தாய் வரேல்லை. அதுக்குப் பிறகு பை கதவடியிலதான், ஒருத்தரும் அதுக்காகத் திரும்பிப் போகக்கூடாதெண்டு.

கோதாரி விழுந்த வாய் என்ர வாய். வெக்கம் பிடுங்கித் திண்டது.

"அப்ப நீ என்னடா செய்தனீ?" எண்டு கேட்டன்.

"நான் உடுத்திற சாரத்துக்கும் பையில இடமிருக்கோ எண்டு கேட்டனான் அம்மா. ஒதுக்கித் தந்தவள்."

அவனைப் பெத்ததுக்கு அண்டைக்குத்தான் எனக்கு நெஞ்சு நிறைஞ்சது. பிறகு நானும் ஒரு சீலையைக் கொண்டுபோய் வச்சன். அவள் என்னைப் பார்த்து முதல்முதலாச் சிரிச்சாள்.

போன மாசியில ஒருநாள் காலமை, பிள்ளைப்பேறுக்கு இன்னும் மூண்டு கிழமை கிடக்கெண்டு நாங்கள் இருக்க, அவளுக்கு வயித்துக்குத்துத் தொடங்கீற்று. திலீபன் ஓட்டோவில ஏத்தினான். நான் படலையடியில திரும்பிப் பாக்கிறன், பை கதவடியிலயே கிடக்கு! பதினைஞ்சு வருசம் கண்ணுக்க வச்சிருந்ததை மறந்துபோனாள். அது இல்லாமல் அந்தரிக்கப்போறாள் எண்டு, "நீங்கள் போங்கோ, நான் பஸ்ஸில வாறன்" எண்டிட்டு ஓடினன்.

வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போனால், அவள் பிரசவ அறை வாசலைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள். உள்ளுக்குப் போகமாட்டாளாம், மாமி வரவேணுமாம். என்ர மூதேவி மகன், அம்மா பை எடுக்கத் திரும்பிப் போயிட்டா எண்டு வழியில சொல்லிப்போட்டான். என்னைக் கண்டதும் ஓவெண்டு அழுதுகொண்டு தோளில அடிச்சாள்.

"பைக்கோ மாமி திரும்பிப் போனனீங்கள்?"

அப்பதான் எனக்கு உறைச்சது.

"ஓம், போனனான். வந்திட்டன்தானே பிள்ளை. தொட்டுப் பார்."

தொட்டுப் பார்த்தாள். என்ர கன்னம், கை, பிறகு பை. கண்ணைத் துடைச்சுக்கொண்டு தானாவே நடந்து உள்ளுக்குப் போனாள்.

பேத்தி பிறந்தாள். அவசரத்தில பிள்ளைத் துணி ஒருத்தரும் கொண்டுவரேல்லை. பையைத் திறந்து திலீபன்ர சாரத்தை எடுத்துக் குடுத்தன், அதாலதான் பிள்ளையைச் சுத்தித் தந்தவை.

வீட்டை வந்து மூண்டாம் நாள், அந்தப் பையை அவள் அலுமாரிக்க வச்சாள். நான் வைக்கச் சொல்லேல்லை, அவளே வச்சவள்.