தலையில்லாத சாரோங்கும் எட்டிதழ்ப் பூவும்

துணி வியாபாரத்தில் டிசைனர் என்பவர், கடைக்கு வருகிற எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த விஷயத்தைச் சம்பளம் வாங்கிக்கொண்டு தெரிந்துகொள்பவர். படித்ததைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பும் என் இனத்தாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

மூன்று பெருநாள்

அறுபதுகளின் தொடக்கத்தில், பம்பாயில் துணி வடிவமைப்புப் படித்த பட்டத்தோடு சொந்த ஊரான சிங்கப்பூரில் கப்பலிறங்கினேன். என்னை அழைத்துப் போக வந்த அப்பா, ஆசிரியர் பயிற்சிக்கான விண்ணப்பத்தையும் சட்டைப்பையில் கொண்டுவந்திருந்தார். அழுது புரண்டு ஒரு வருடம் தவணை வாங்கினேன். அதற்குள் டிசைனராக நிலைக்காவிட்டால் கரும்பலகைதான் என்று முடிவாயிற்று.

சிராங்கூன் ரோட்டில் துணி மொத்த வியாபாரம் செய்த, அப்பாவுக்குத் தெரிந்த காதர் பாயிடம் வேலை கேட்டுப் போனேன். கடையின் பின்கட்டில் அவருக்குத் துணியில் அச்சுப் போடும் சிறிய பட்டறை ஒன்று இருந்தது. நான் பாரசீக அலங்காரக் கலையின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருக்க, அவர் என் ஓவியங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். காகிதமானாலும் சாயம் மறுபக்கம் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கிற கை அது. கடைசியில் சொன்னார்: "வருஷத்துக்கு மூணு பெருநாள். மூணு டிசைன் போடும்மா. ஒண்ணாவது ஓடணும். ஓடலேன்னா அப்பா சொல்ற மாதிரி டீச்சராப் போயிடு. பிள்ளைங்க எந்திரிச்சு ஓட முடியாது."

பீங்கான் அழகு

முதலில் வந்தது சீனப் புத்தாண்டு. சீனப் பீங்கான்களைப் பற்றி நான் இரண்டு தடித்த நூல்கள் படித்தவள். வெள்ளைத் துணியில் நீலப் பூங்கொடி போட்டேன். ஒரு மாபெரும் நாகரிகத்தின் அழகுணர்வை அதனிடமே திருப்பிக் கொடுக்கிறோம் என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

சைனா டவுனில் கடை வைத்திருந்த கோ அம்மாள் வருடா வருடம் எங்களிடம் சரக்கெடுப்பவர். துணியைத் தடவிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நீலமும் வெள்ளையும் சீனக் குடும்பங்களில் துக்கம் காக்கும் நிறங்கள் என்பது என் நூல்களில் இல்லை. கிண்ணங்கள் துக்கம் காப்பதில்லை அல்லவா? அவர் சந்தை மலாயில் கனிவோடு சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "ரொம்ப அழகு லா. ஆனா என் மாமியார் இன்னும் நல்லாத்தான் இருக்காங்க. போனதும் வந்து வாங்கிக்கிறேன்."

சாயம்

"மனுசங்களைப் பாரும்மா கொஞ்ச நாளைக்கு" என்று பாய் என்னைச் சில்லறை விற்பனைப் பக்கம் நிறுத்தினார். கடற்படைத் தளக் குடியிருப்பிலிருந்து வந்த ஓர் அம்மாள், சிவப்புச் சீட்டித் துணியைக் காட்டிச் சாயம் போகுமா என்று கேட்டார். நல்ல கேள்வி. சாயங்களின் வகை, அவை நூலிழையைப் பற்றும் முறை, சோப்பின் காரம், வெயிலின் பங்கு என்று வரிசையாக விளக்கினேன். அவர் முக்காலியில் உட்கார்ந்தார். கூடவந்த குழந்தை தூங்கிவிட்டது.

விற்பனையாளர் செல்வராஜ் குறுக்கே வந்து, "போகாதுக்கா. முதல் தண்ணியில மட்டும் தனியா அலசுங்க" என்றார். அம்மாள் ஆறு கஜம் வாங்கிக்கொண்டு கிளம்பினார். செல்வராஜ் கத்தரிக்கோலை மாட்டிவிட்டு என்னிடம் சொன்னது: "மிஸ், 'தெரியாது'ன்னு சொல்றதுக்கு எங்களுக்கெல்லாம் ஒரு செகண்ட் போதும். உங்களுக்குத்தான் இருபது நிமிஷம் ஆகுது."

தலை எங்கே?

அடுத்தது நோன்புப் பெருநாள். இம்முறை நிறத்தில் தவறே செய்யவில்லை. மலாய்ப் பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் சாரோங்கைப் பச்சையும் பொன்மஞ்சளும் கலந்து போட்டேன். பூங்கொடி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாது. வகுப்பில் இதற்குத்தான் முழு மதிப்பெண் கொடுப்பார்கள்.

கேலாங் பக்கத்திலிருந்து வந்த ஒரு மலாய் மாது அதை முழுக்க விரித்தார். ஒரு சுற்றுச் சுற்றினார், மறுபடியும் சுற்றினார், உள்ளே கையை விட்டும் பார்த்தார். சாரோங்கில் ஓரிடத்தில் மட்டும் வேறு வேலைப்பாடு கொண்ட ஒரு பட்டை இருக்கும். அதைத் 'தலை' என்பார்கள். அது முன்பக்கம் வருகிறதா பின்பக்கம் வருகிறதா என்று பார்த்துத்தான் கட்டுவதே. நான் தொட்டில் முதல் பார்த்து வளர்ந்த ஊரின் உடை அது. என் கண்ணில் பட்டதேயில்லை. மாது அதைப் பதமாக மடித்து என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "தலையை எங்கம்மா வச்சே? இதைக் கட்டிக்கிட்டு நான் எந்தப் பக்கம் பார்த்து நடக்கிறது?"

சொந்தச் சரக்கு

மிச்சம் தீபாவளி மட்டும். அப்பா விண்ணப்பத்தில் என் பெயரையும் பிறந்த தேதியையும் அவரே நிரப்பிவிட்டார், கையெழுத்துதான் பாக்கி. மூன்று வாரம் எனக்கு டிசைன் எதுவும் வரவில்லை. ஒரு நாள் காலையில், பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து மேசையில் உட்கார்ந்ததும், கை தானாகப் போட்டது: சதுரத்துக்குள் வட்டம், வட்டத்துக்குள் எட்டு இதழ்ப் பூ, மூலைக்கு மூலை பச்சை இலை. பாரசீகத்தின் ஆன்மா எனக்குள் இறங்கிவிட்டது என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தேன்.

'வாயில்' என்னும் மெல்லிய பருத்திப் புடவையில் அச்சிட்டோம். ஓடியது! இரண்டாம் முறையும் அச்சிட வேண்டியிருந்தது. அந்தக் களிப்பில் இருந்தபோதே, நான்கு கடை தள்ளி இருந்த பக்கிரிசாமி அண்ணன் கடை வாசலில் அதே பூ தொங்கியது. அதே வட்டம், அதே இலை. என் மூளையின் குழந்தையைக் கடத்திவிட்டார்கள்! நேரே போய், அவர் கடை முன்னால் அஞ்சடி நடைபாதையில் நின்றபடி, அசல், நகல், கலைஞரின் உரிமை என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று கேட்கும்படி பேசினேன். பக்கிரிசாமி அண்ணன் பொறுமையாக முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்: "தங்கச்சி, ஒரு அடி நகர்ந்து நில்லுங்க. நீங்க மிதிச்சிக்கிட்டு நிக்கிறதுதான் உங்க டிசைன்."

நகர்ந்தேன். பூப்போட்ட ஓடு பதித்த தரை. சதுரம், வட்டம், எட்டு இதழ், மூலையில் பச்சை இலை. ஒரு வருடமாகக் காலையும் மாலையும் நான் மிதித்துக்கொண்டு போன தரை.

தீர்ப்பு

நானே போய்க் காதர் பாயிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஆசிரியர் பயிற்சிக்குக் கையெழுத்துப் போடுகிறேன் என்றும் சொன்னேன். பாய் வாய்விட்டுச் சிரித்தார். செல்வராஜ் துணிக்கட்டுக்குப் பின்னால் போய்ச் சிரித்தார். பாய் தொலைபேசியை எடுத்து அப்பாவின் அலுவலகத்துக்குப் பேசினார். "பாப்பா இங்கேயே இருக்கட்டும்" என்பது மட்டும் எனக்குக் கேட்டது. வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்: "போன ரெண்டு துணியையும் சும்மா கொடுத்தாக்கூட எடுக்க ஆளில்ல. இதைத் திருடுறாங்க. இதுக்கு மேல என்னம்மா பரீட்சை? திங்கட்கிழமையிலேர்ந்து நீ நிரந்தரம்."

பெண்பிள்ளைகள் தரையைப் பார்த்து நடக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதில் தொழில் ரீதியாகவும் ஒரு நன்மை இருக்கிறது என்பதைப் பம்பாயில் ஒரு பேராசிரியர்கூட எனக்குச் சொல்லித்தரவில்லை.