கூகைமலையின் கிழக்குச் சரிவு

மருதாயிக்குக் கோபம் வந்தால் முதலில் அவளுடைய ஆடுகள்தான் விலகிப்போகும். அன்று காலை கொழுந்தன் மலையாண்டியும் நாலடி தள்ளி நின்றே பேசினான்.

“ரேஞ்சர் இன்னிக்கு வாராரு மதினி. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். மேலச் சரிவுக்குச் சொன்னீங்கள்ல, அதே வார்த்தைதான்.”

“எந்த வார்த்தை?”

“வெட்டட்டும்னு.”

“அந்த வார்த்தையச் சொன்ன நாக்க அறுத்து நாய்க்குப் போட்டா நாய் மோந்துகூடப் பாக்காது. போ அங்கிட்டு.”

குடுமியான்மலையிலிருந்து மேற்கே மூன்று மைல் நடந்தால் கூகைமலை. மலை என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரே பாறை, கவிழ்த்துப் போட்ட சட்டி மாதிரி. அதன் முதுகில் கொஞ்சம் மண், அந்த மண்ணைப் பிடித்துக்கொண்டு உசிலை, காரை, சூரை முள். சுற்றியிருந்த நாலைந்து ஊர்ச் செம்மறிகளுக்கு அதுதான் மேய்ச்சல். கிழக்கு அடிவாரத்தில் ஒன்று, மேற்கு அடிவாரத்தில் ஒன்று என்று இரண்டு சுனைகள். சித்திரையில் கண்மாய் வெடித்துக் கிடக்கும்போது ஆடுகள் உயிரோடு இருந்தது அந்தச் சுனைகளால்.

மருதாயிக்கு நூற்றிருபது உருப்படி. புருஷன் செத்த பிறகு எட்டு வருஷமாக அவளே மேய்த்தாள், அவளே ராத்திரி வயலில் மந்தையை அடைத்து எருவுக்குக் கிடை போட்டாள். அந்த மலையைச் சுற்றி அவளைவிடப் பெரிய மந்தை யாருக்கும் கிடையாது. அதனால் அவள் பேச்சுக்கு ஒரு எடை இருந்தது. அந்த எடைதான் வினையாகப் போயிற்று.

யுத்தம் வந்து பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. பஸ்ஸின் முதுகில் இரும்பு அடுப்பைக் கட்டி, கரியை எரித்து, அந்தப் புகையில் ஓட்டினார்கள். பஸ்ஸுக்குக் கரி வேண்டும், கரிக்கு மரம் வேண்டும். பழனிச்சாமி என்ற கான்ட்ராக்டர் கடப்பாரையும் ஆட்களுமாகக் கூகைமலையின் மேற்குப் பக்கத்து மேலச் சரிவுக்கு வந்து சேர்ந்தான். மேய்ச்சல்காரர்கள் தடை சொல்லாவிட்டால் வெட்டலாம் என்று உத்தரவு. அப்போதிருந்த காட்டிலாகா ரேஞ்சர் வந்து கேட்டார். எல்லோரும் மருதாயியின் முகத்தைப் பார்த்தார்கள்.

அவள் யோசிக்கவே இல்லை. “வெட்டட்டும் அய்யா. வேரோட பறிச்சுக்கிட்டுப் போகட்டும். புண்ணியமாப் போகும்” என்றாள்.

செம்மறி மேய்ப்பவர்கள் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். வெள்ளாடு தழை கடிக்கும். செம்மறிக்குப் புல் வேண்டும். சூரை முள் ஆட்டின் காதைக் கிழிக்கும். குட்டியைக் கவ்விய நரி போய்ப் பதுங்குவதும் அந்தப் புதரில்தான். கீழே செம்மண் காட்டில் புதரை அழித்த இடமெல்லாம் மறு மழைக்கே புல் மண்டி எழுவதை அவள் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறாள். காட்டுக்கு ஆனது மலைக்கு ஆகாதா?

முதல் வருஷம் அவள் நினைத்தபடியே ஆயிற்று. கார்த்திகையில் மேலச் சரிவு முழுக்க முழங்கால் உயரத்துக்குப் புல். மருதாயி பூரித்துப்போய்ப் பழனிச்சாமிக்கு ஒரு கிடாக்குட்டியைப் பிடித்துக் கொடுத்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குப் பல் கூசும்.

மறு வருஷம் ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை. நாலாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் மேலச் சரிவைக் காணோம். புல், மண், மண்ணுக்குள் இருந்த கறையான் புற்று எல்லாம் வழித்துக்கொண்டு போய்க் கண்மாயின் வாயில் செஞ்சேறாகக் கிடந்தது. மேலே வெறும் பாறை, தோல் உரித்த ஆடு போலப் பளபளத்தது. அதில் எங்கெங்கோ, வேரைத் தோண்டிய குழிகளில் மட்டும் கையளவு மண். மழை விட்டு ஒரு நாழிகைக்குள் பாறை காய்ந்துவிட்டது. குடிக்க மண் இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்குமா? மாசியிலேயே மேற்குச் சுனை வற்றியது. அந்தக் கோடையில் அவளுடைய மந்தையில் முப்பத்தொன்று விழுந்தன.

இப்போது பழனிச்சாமிக்குக் கிழக்குச் சரிவு வேண்டுமாம். அதுவும் போனால் மிச்சமிருக்கிற ஒரே சுனையும் போகும். புல் காய்ந்த கோடைக்கு வெட்டுகிற தழையெல்லாம் ஆட்டுக்கு என்று அவன் சொன்ன ஒரு சொல்லுக்கு மலையாண்டியும் மற்றவர்களும் தலையாட்டிவிட்டார்கள்.

உச்சிவேளைக்குக் கிழக்கு அடிவாரத்துக்குப் புது ரேஞ்சர் வந்தார். குடை, காக்கித் தொப்பி, வியர்வை. பழனிச்சாமி முந்திக்கொண்டான்.

“எல்லாருக்கும் சம்மதம் சார். மேலச் சரிவு மொட்டையானது ஆடு கடிச்சுத்தான். எங்க வெட்டுல ஒரு தப்பும் கெடையாது.”

மருதாயிக்குக் காது சிவந்தது. “ஆடா? மேலச் சரிவுல போயி அந்த வேர்க்குழியப் பாரு. எந்த ஆடு கடப்பாரை புடிச்சுத் தோண்டுச்சு? எம் மந்தையில அப்படி ஒரு ஆடு இருந்தா நானே அதுக்குக் கும்பிடு போட்டு ஒனக்கு ஓட்டி விட்டுருவேன், மேஸ்திரியா வச்சுக்க.”

கரியாட்களில் ஒருவன் சிரித்துவிட்டான். பழனிச்சாமி முறைத்தான்.

“இந்தப் பொம்பள வாய்க்கு...”

“வாயி கெடக்கட்டும். கடப்பாரையக் கொண்டா.”

சிரித்தவன் கையிலிருந்ததையே பிடுங்கினாள். மலையடியில், செம்மண்ணில், ஓங்கிக் குத்தினாள். முழங்கை ஆழத்துக்கு இறங்கியது. அதை உருவிக்கொண்டு கிழக்குச் சரிவில் ஏறினாள். ரேஞ்சர் வருகிறாரா என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உசிலை மரத்தடியில் குத்தினாள். ஒரு சாண், ணங் என்றது. பத்தடி மேலே போய்க் குத்தினாள். முக்கால் சாண், ணங். இன்னும் மேலே. ஏழு இடத்தில் குத்தினாள். ஏழு இடத்திலும் பாறை பதில் சொன்னது. ஒவ்வொரு குத்துக்கும் அவள் முகம் கறுத்துக்கொண்டே வந்தது.

“இம்புட்டுத்தான் அய்யா மண்ணு. இத இந்த வேருதான் புடிச்சுக்கிட்டிருக்கு. வேரப் பறிச்சா அங்கிட்டுப் போன மாதிரி இங்கிட்டும் போகும். அப்புறம் ஆட்டுக்கு மட்டுமில்ல, இந்தக் கண்மாய்க்குக் கீழ இருக்கிற வயலுக்கும் சேறுதான்.”

ரேஞ்சர் குனிந்து ஒரு குழியில் கைக்குச்சியை விட்டு அளந்தார். நிமிர்ந்து, “இவ்வளவு தெரிஞ்சவங்க இருக்கும்போது மேலச் சரிவை வேரோட வெட்டச் சொன்னது யாரும்மா?” என்றார்.

பழனிச்சாமியின் மீசை துடித்தது. “அதக் கேளுங்க சார். நல்லாக் கேளுங்க.”

மலையாண்டி தரையைப் பார்த்தான். மதினி எதையாவது சொல்லிச் சமாளிப்பாள் என்று நினைத்தான்.

“நாந்தான்” என்றாள் மருதாயி. “காட்டுல புல்லு வருதே, மலையிலயும் வரும்னு நெனச்சேன். இம்புட்டு வருசம் மேச்ச மலையில ஒரு தடவை குத்திப் பாக்கல. எழுதிக்கங்க, எம் பேரப் போட்டே எழுதிக்கங்க. ஆனா ரெண்டாவது தடவையும் எனக்குச் சம்மதம்னு எழுதாதீங்க.”

ரேஞ்சர் எழுதினார். கிழக்குச் சரிவில் கிளை மட்டும் கழிக்கலாம், அடிமரத்தைத் தொடக் கூடாது, கடப்பாரை மலையில் ஏறக் கூடாது. பழனிச்சாமிக்கு அது போதவில்லை. வேர்க்கட்டைக் கரிதான் நின்று எரியும். கிளைக்கரி பொடிப்பொடியாகப் போகும். மறுநாளே ஆட்களைக் கூட்டிக்கொண்டு கந்தர்வக்கோட்டைப் பக்கம் போய்விட்டான்.

ஊரில் யாரும் மருதாயியைப் பாராட்டவில்லை. தழை போயிற்றே என்று மலையாண்டி இரண்டு மாதம் பேசவில்லை. அவளும் பேச்சுக்கு ஏங்கவில்லை. புஞ்சைக்காரர்கள் கிடைக்குக் கூப்பிட்டும் போகாமல், மேலச் சரிவின் வேர்க்குழிகளுக்குக் கீழே மண் நிற்கக் கல் அடுக்கி, அங்கேயே மந்தையை அடைத்தாள். பகலில் கீழே காட்டில் வெள்வேல மரத்து நெற்றாகப் பார்த்துத் தின்ன விட்டாள்; ஆடு தின்ற விதை புழுக்கையோடு குழியில் விழட்டும் என்று கணக்கு.

“பாறைக்குக் கிடை போடுற ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன்” என்று கடைசியில் மலையாண்டியே வாயைத் திறந்தான்.

“பாத்தாச்சுல்ல? போயி அந்தக் கல்லத் தூக்கிட்டு வா.”

அடுத்த ஆடியில் ஒரு தூறல். பதினோரு குழிகளில் வெள்வேல் இரண்டிலை விட்டிருந்தது. மருதாயி குந்தி உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கும்போதே, பின்னால் வந்த காது கிழிந்த கிடா தலையை நீட்டி, முதல் குழியிலிருந்த இரண்டிலையையும் நறுக்கென்று கடித்தது.

மருதாயி எழுந்தாள். அவள் போட்ட சத்தத்தில் மந்தை மொத்தமும் மலையடி வரை நிற்காமல் ஓடியது.

“பழனிச்சாமிக்குப் பொறந்த பயலே! நில்லுடா!”