ஆண்டவருக்கு இளஞ்சூட்டுத் தண்ணீர்

வாளித் தண்ணீரில் முழங்கையை விட்டுச் சூடு பார்த்தேன். படுக்கையில் கிடக்கும் அம்மாவைத் துடைக்க வேண்டும். அம்மாவுக்கு இப்போது என் பெயரும் நினைவில்லை.

முழங்கை விட்டுப் பார்ப்பது அம்மாவின் பழக்கம்தான். பெரிய வெள்ளிக்கு முதல்நாள், திருகோணமலைத் துறைமுகத்தடிக் கோயிலில், சிலுவையிலிருந்து இறக்கும் ஆண்டவரின் மரச் சுரூபத்தை அம்மாதான் துடைப்பா. மெழுகுதிரிப் புகையும் தேங்காயெண்ணெயும் மணக்கும். ஆண்டவரின் இடுப்புத் துணியை மாற்றும்போது ஆம்பிளைகள் பார்க்கக் கூடாதென்று எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிடுவா. ஒருமுறை சுடுதண்ணீர் வாளி தூக்கிப் போன எனக்குப் பத்து வயது. வேதம் படிக்கும் ஞானோபதேச வகுப்பில் முதலாம் பிள்ளை என்ற திமிர் வேறு. அம்மா வாளிக்குள் முழங்கையை விட்டதைக் கண்டு சிரித்துவிட்டேன்.

"கடவுளுக்குச் சுடுமோ அம்மா?"

"கடவுளுக்குச் சுடாது. மனுசனுக்குச் சுடும். அவர் ரெண்டும்தானே?"

சொல்லிவிட்டு, ஆணிக் காயத்தில் துணியை நோகாமல் ஒற்றினா.

நானும் துணியைப் பிழிந்து அம்மாவின் பாதத்தில் ஒற்றினேன். அம்மா கண் திறந்தா.

"ஆண்டவரைத் துடைச்சாச்சோ பிள்ளை?"

"இப்பதான் அம்மா, துடைச்சுக்கொண்டிருக்கிறன்."